ஞாயிற்றுக்கிழமை விக்கல்

கூலிம்,
3 செப்டம்பர் 1934

அன்புள்ள லீனாவுக்கு,

நேற்று மூன்று மணியிலிருந்து வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். வராததற்கு மன்னித்துக்கொள். வண்டிதான் என் காலை வாரிவிட்டது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தது. கூலிம் தாண்டித் தார் ரோட்டில் வேகம் எடுத்ததும் கோளாறு ஆரம்பித்தது. வரிசையாக வெடித்துக்கொண்டு வரும் இஞ்சின் திடீரென்று ஒரு வெடியை விழுங்கிவிடும். பிறகு நாலைந்து சரியாக வரும், மறுபடி ஒன்றை விழுங்கும். புக்கிட் மெர்த்தாஜாம் வருவதற்குள் விழுங்கியது பாதி வெடித்தது பாதி என்றாகி, ஒரு மாமரத்தடியில் நின்றே போனது. வேர்த்துக் கொட்ட உதைத்தேன். உயிர் வந்ததும் மெல்லத் திருப்பி வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன். மெதுவாகப் போனால் ஒன்றும் செய்வதில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

துரையிடம் பழையதாக வாங்கிய இந்த மூன்று வருஷத்தில் இது என்னை நடுவழியில் விட்டதே கிடையாது. நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இதுவும் படுத்துக்கொள்கிறது.

ஜூலி சுகம். வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவந்து, நீ இருக்கிறாயா என்று சைட்காருக்குள் எட்டிப் பார்த்தாள். அமலம்மாள் அக்கா அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்கிறேன். அடுத்த ஞாயிறு கட்டாயம் வருவேன். முட்டையும் பாலும் வேண்டாம் என்று அடம் பிடிக்காதே.

உன்
ஆர்தர்


பினாங்கு, பெண்கள் வார்டு,
6 செப்டம்பர் 1934

ஜூலியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இருமுவதற்காவது டாக்டர் ஒரு காரணம் வைத்திருக்கிறார். நம் வண்டிக்கு என்ன வந்தது? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்கு விக்கல் பிடித்திருக்கிறது. யாராவது நினைத்தால்தானே விக்கல் வரும்? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இங்கே ஒருத்தி வேறு வேலையில்லாமல் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். குற்றம் என்மேல்தான், பாவம் அந்தப் பிளக்கைத் திட்டாதீர்கள்.

ஆனாலும் ஒரு பயம். ஜூலை மாதம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனோமே, அன்றைக்கு நான் கட்டிய சுரூபம், அந்தச் சின்ன உலோகப் பதக்கம், வண்டியில் அப்படியே இருக்கிறதா? கோயில் வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளுக்கெல்லாம் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அப்போதே எனக்கு இருமல். சைட்காரில் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேரே தெரியட்டும் என்று, டாங்கிக்குக் கீழே பிளக்குக்குப் போகிற அந்தத் தடித்த கறுப்பு வயரில் செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். “என்னடி, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுற?” என்று நீங்கள் சிரித்தீர்கள். நான் குணமாகி அந்தச் சைட்காரில் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்வரை அதை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று அன்னம்மாளுக்கு நேர்ந்திருக்கிறேன். தளர்ந்திருந்தால் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள்.

பக்கத்துக் கட்டிலில் வள்ளியம்மா என்று ஒருத்தி. அவள் புருஷர் பிச்சைமுத்து கெலுகோரில் தென்னந்தோப்பு வேலை. ஞாயிறுதோறும் அங்கிருந்து நடந்தே வருகிறார். வாழைப்பழச் சீப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, மணி அடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசாமல் அவளைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவரிடம் விக்கல் எடுக்கிற வண்டி எதுவும் இல்லை என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டுக்குச் சொன்னேன். வாருங்கள்.

லீனா


கூலிம்,
24 செப்டம்பர் 1934

அன்புள்ள லீனாவுக்கு,

மூன்று ஞாயிறுகள் போய்விட்டன. நீ என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆகையால் செய்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். பயனில்லை. புதுப் பிளக் போட்டேன். பயனில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று டாங்கியைக் காலி செய்து துணியில் வடிகட்டி ஊற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். நீ சொன்னபடி சுரூபத்தின் கம்பியையும் இரண்டு சுற்று இறுக்கினேன். ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலில் நிறுத்தி ஓடவிட்டால் வெண்ணெயாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தார் ரோட்டில் ஏறி வேகம் பிடித்தால் உன் விக்கல் வந்துவிடுகிறது. போன ஞாயிறு மழை வேறு. அன்றைக்குத்தான் மிக மோசம்.

கடைசியில் புக்கிட் மெர்த்தாஜாம் சீனர் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். அவர் டாங்கியைத் தூக்கிப் பார்த்தார். சுரூபத்தைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இது உங்க சாமி. சாமி சாமானை நான் தொடமாட்டேன்லா” என்றார். அவர் பட்டறையிலும் ஒரு சிவப்புக் காகிதச் சாமி இருக்கிறது, அதையும் யாரும் தொடக்கூடாதாம். மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினார். ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டிக் காட்டினார். ஒரு வெடி தவறவில்லை. “வண்டிக்கு ஒண்ணுமில்லலா கிராணி. உங்களுக்குத்தான் உடம்பு சரியில்ல போல” என்று சொல்லி அங்கிருந்த நாலு பேரையும் சிரிக்க வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது!

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் வீட்டுக்காரர் இதே சயரோகத்தில் போனவர் அல்லவா? நான் பினாங்குக்குக் கிளம்பினாலே ஜூலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். திரும்பி வந்தால், பாதி வழி போய் வந்திருந்தாலும் சரி, சட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.

ஆர்தர்


பினாங்கு,
4 அக்டோபர் 1934

தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியாருக்கு,

தங்கள் மோட்டார் சைக்கிளின் உடல்நிலை குறித்த விரிவான கடிதம் கிடைத்தது. அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, இடம் போதவில்லை போலும்.

வள்ளியம்மா போன வாரம் செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். அதற்குப் பின்னால் வந்த ஞாயிற்றுக்கிழமையும் பிச்சைமுத்து வந்தார். அடக்கம் செய்தவரே அவர்தான், தெரியாமல் வரவில்லை. காலியான கட்டிலுக்குப் பக்கத்தில், எப்போதும் உட்காருகிற இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் பழத்தை என்னிடம் தந்துவிட்டு, “ஞாயித்துக்கிழமைன்னா காலு தானா வந்திருச்சும்மா” என்றார். அந்தப் பழம் இன்னும் என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். மெதுவாகப் போனால் விக்கல் வராது என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் விடியற்காலையில் கிளம்பி மெதுவாக வந்தால் என்ன? விக்கல் வந்த மனுஷன் வீட்டுக்குள்ளேயா உட்கார்ந்துவிடுகிறான்? கூலிமிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பஸ் இல்லையா? பஸ்ஸுக்கும் விக்கலா?

ஆகஸ்டில் நீங்கள் வந்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு வார்டு வாசற்படியைத் தாண்டவில்லை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா? பார்த்தேன். வார்டில் மருந்து வாடை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுதுங்கள். எனக்கே என்னைக் கண்டால் பயமாகத்தான் இருக்கிறது. கார்புரேட்டரை ஊதினேன் பிளக்கைச் சுரண்டினேன் என்று மட்டும் இனி எழுதாதீர்கள். என்னால் தாங்க முடியவில்லை.

லீனா


கூலிம்,
30 அக்டோபர் 1934

என் லீனாவுக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை என்பதுதான் உண்மை. நீ கேட்டது நியாயம். பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஜூலியைத் தூக்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. பஸ்ஸில் வந்திருக்கலாம்தான். காலையில் பஸ் நேரம் வரும்போது ஏதாவது ஒரு வேலை முளைக்கும், அதை நானும் விட்டுவிடுவேன். ஆனால் வண்டி நின்றது பொய்யில்லை. அதை மட்டும் நம்பு. நம்பும்படியான செய்தி இன்றைக்கு என்னிடம் இருக்கிறது.

கோளாறு கண்டுபிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலிமிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மழைக் கருக்கல். ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒரே இருட்டு. வேகம் எடுத்ததும் விக்கல் ஆரம்பித்தது. எரிச்சலில் குனிந்து இஞ்சினைப் பார்த்தேன். பளிச்சென்று நீலமாக ஒரு பொறி. அது பிளக்கில் இல்லை, லீனா. நீ கட்டிய சுரூபத்தில்! அன்னம்மாளின் காலடியிலிருந்து இஞ்சினின் இரும்புக்குப் பொறி தாவுகிறது. தாவுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு வெடி போய்விடுகிறது.

நிறுத்திப் பார்த்தபோதுதான் விளங்கியது. இறுக்கிக் கட்டிய செப்புக் கம்பி வயரின் ரப்பரை அறுத்து உள்ளே இறங்கியிருக்கிறது. நீ கட்டியது பாதி, நான் இறுக்கியது மீதி. வண்டி நின்றால் சுரூபம் நேராகத் தொங்கும், ஒன்றும் ஆகாது. வேகமாகப் போனால் எதிர்க்காற்று அதைத் தள்ளி இஞ்சின்மேல் சாய்த்துவிடும். பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் சுரூபத்தின் வழியாகப் போய்விடும். மழையில் இன்னும் சுலபமாகப் போகும். பட்டறைக்காரர் ஸ்டாண்டில் ஓட்டினால் எப்படித் தெரியும்? சாமி சாமான் என்று அதைத்தான் அவர் தொடவே இல்லையே!

இப்போது என்ன செய்வது, நீயே சொல். கழற்றினால் வண்டி ஓடும். ஆனால் நீ குணமாகி வரும்வரை அவிழ்க்கக் கூடாது என்று நேர்ந்திருக்கிறாய். இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் அதன்முன் உட்கார்ந்திருந்தேன். அவிழ்க்கத் துணிவு வரவில்லை. அவிழ்த்து உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆர்தர்


பினாங்கு,
2 நவம்பர் 1934

ஜூலியின் அப்பாவுக்கு, என் ராஜாவுக்கு,

கழற்றுங்கள்! இதைப் படித்து முடிக்குமுன்பே போய்க் கழற்றுங்கள்!

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, ஆயா சலேஹா ஓடிவந்துவிட்டாள். அவளுக்கும் சொன்னேன். “உங்க சாமி உங்க புருஷனை அங்கேயே புடிச்சு வச்சிருக்குலா” என்றாள். நான்தான் கட்டினேன், நான்தான் இறுக்கச் சொன்னேன், வரவில்லை என்று உங்களைத் திட்டியதும் நான்தான். இப்படி ஒரு பைத்தியக்காரி உலகத்தில் இருப்பாளா?

நேர்ச்சையைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்று மரித்தவர்கள் திருநாள், சாமியார் வார்டுக்கு வந்தார். அவரிடம் கேட்டுவிட்டேன். சுரூபத்தை வண்டியிலிருந்து எடுத்து உங்கள் கழுத்தில் போட்டுக்கொண்டாலும் நேர்ச்சை நேர்ச்சைதான் என்றார். உங்களைச் சந்தேகப்பட்டதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டேன். உங்களிடமும் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

வயருக்குப் புது ரப்பர் போட்டு, பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வாசற்படியைத் தாண்ட வேண்டாம். கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஜூலியைத் தூக்குகிற கை அது, என்னைத் தொட வேண்டாம். அங்கே நின்று முகத்தை மட்டும் காட்டுங்கள்.

இன்னொன்று. டாக்டர் நேற்று, “உன் வீட்டுக்காரர் எப்போது வருவார், அவரிடம் கொஞ்சம் பேச வேண்டும்” என்றார். வள்ளியம்மாவிடமும் இதையேதான் கேட்டார். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நடுவில் ஒரு தடையும் இல்லை.

உங்கள் லீனா


கூலிம்,
12 நவம்பர் 1934

அன்புள்ள லீனாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று மறுபடியும் அதே கதை.

நீ சொன்னபடி சுரூபத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வயரில் புது ரப்பர் சுற்றினேன். பட்டர்வொர்த் வரை நன்றாகத்தான் வந்தது. ஜெட்டிக்குப் போகும் திருப்பத்தில் விக்கல் எடுத்து நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ப் பார்ப்பதற்குள் பினாங்குத் தீவுக்கு வரும் பெர்ரிப் படகு கிளம்பிவிட்டது. அடுத்த பெர்ரிக்கு நின்றால் பார்வை நேரம் முடிந்துவிடும் என்று திரும்பிவிட்டேன். சுரூபம் மட்டும் காரணமில்லை போலும். பிளக்குக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோவுக்கு உள்ளேயே ஏதோ கோளாறு இருக்க வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் ஆகுமோ தெரியாது.

டாக்டருக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறேன். ஜூலி சுகம். மனதைத் தளரவிடாதே.

ஆர்தர்


பினாங்கு,
15 நவம்பர் 1934

ஜூலியின் அப்பாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. இப்போதெல்லாம் எழுதினால் மூச்சு வாங்குகிறது, அதனால் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சலேஹாவிடம் கெஞ்சிக் கட்டிலை வராந்தா ஓரத்துக்குத் தள்ள வைத்தேன். தலை வாரிப் பின்னிவிட்டாள். நீலச் சேலை கட்டிக்கொண்டேன், அது இப்போது என்னை இரண்டு சுற்றுச் சுற்றி வருகிறது. மூன்று மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், ரோட்டுத் திருப்பத்தில் நம் வண்டிச் சத்தம் கேட்டது.

“எத்தனையோ மோட்டார் போகுது, உங்களுதுன்னு எப்படித் தெரியும்?” என்றாள் சலேஹா. மூன்று வருஷம் அந்த இஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவள் நான். ஆயிரம் வண்டி வந்தாலும் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வந்து நின்றீர்கள். வேலிச் செடி மறைத்ததால் முகம் தெரியவில்லை. இஞ்சினை நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வெடிகூடத் தவறவில்லை. முதலில் எனக்கு அதுதான் சந்தோஷம், பாருங்கள். “கேட்டியா, எவ்வளவு நல்லா ஓடுது!” என்று சலேஹாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கே நிறுத்துவது என்று இடம் பார்க்கிறார், இதோ வருவார் என்றேன்.

பிறகு சத்தம் திரும்பிப் போக ஆரம்பித்தது. அன்னம்மாளே, ஒரு விக்கல் கொடு, ஒரே ஒரு விக்கல் கொடு, அங்கேயே நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். திருப்பம் தாண்டிக் காதுக்கு எட்டாமல் போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அவ்வளவு நன்றாகப் பழுது பார்த்திருக்கிறீர்கள்.

சலேஹா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற யாரோட மோட்டாரோலா” என்றாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் வந்து கேட்டார். வண்டி வழியில் நின்றுவிட்டது என்றேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் பொய்யை நான் சொல்லிவிட்டேன்.

கோபம் இருந்தது. திங்கட்கிழமை முழுவதும் இருந்தது. இப்போது இல்லை. கேட் வரை வந்தீர்களே, அதற்கே எவ்வளவு மனதைத் தேற்றிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் படுத்துவிட்டால் ஜூலிக்கு யார் இருக்கிறார்கள்? அக்கா சட்டையைக் கொதிக்க வைக்கட்டும், நன்றாகக் கொதிக்க வைக்கட்டும். ஆனால் எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், செய்யுங்கள். சட்டைப்பையில் இருக்கிற சுரூபத்தை எடுத்து, புது ரப்பரைப் பிரித்துவிட்டு, நான் கட்டியிருந்த இடத்திலேயே அந்தச் செப்புக் கம்பியால் மறுபடி இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேகமாக ஓட்டுங்கள், நிற்கட்டும். திங்கட்கிழமை, எந்த இடத்தில் நின்றது, என்னவெல்லாம் கழற்றிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். இனிமேல் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நம்பிக்கொள்கிறேன்.

லீனா